நாற்பது மீட்டர் தெற்கே

சின்னவனின் படகு நின்றிருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஆற்றின் மூன்றாவது வளைவு. சதுப்பிலிருந்து இறங்கி வரும் ஓடை அங்கேதான் ஆற்றோடு சேர்கிறது. அதற்குச் சற்றுக் கீழே நங்கூரம் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றிருந்தான் என் கணவரின் தம்பி. படகு வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"கேப்டன், அது உங்க கொழுந்தன்தானே?" என்றார் என் படகிலிருந்த பல் டாக்டர். ஓய்வு பெற்றவர். மாதம் இரண்டு முறை என்னோடு மீன் பிடிக்க வருவார். "நம்ம இடத்துல நிக்கறாரே!"

"நம்ம இடத்துல இல்ல டாக்டர். நம்ம இடத்துக்கு நாற்பது மீட்டர் தெற்கே நிக்கறான்."

"அதுல என்ன பெரிய வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது. பதினொரு வருடமாக இதுதான் என் தொழில். மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களைப் படகில் ஏற்றி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இந்த ஆற்றிலும் ஓடைகளிலும் கூட்டிப்போய், மீன் நிற்கும் இடத்தில் நிறுத்தி, தூண்டிலைக் கையில் கொடுப்பேன். தூண்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். படகும் கிடைக்கும். எந்த நேரத்தில் எந்தப் பள்ளத்தில் மீன் வந்து நிற்கும் என்பது மட்டும் கிடைக்காது. அதற்காக நான் தண்ணீர் வற்றிய நேரமெல்லாம் தொடையளவு சேற்றில் இறங்கி நடந்திருக்கிறேன். கண்டுபிடித்த ஒவ்வொரு இடத்தையும் படகிலுள்ள ஜி.பி.எஸ் கருவியில் பதிந்து வைத்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.

ஆனால் ஒரு புள்ளிகூடச் சரியான இடத்தில் கிடையாது.

தொழில் தொடங்கிய முதல் வருடம் ஒரு கஸ்டமர், நான் தூண்டிலில் சிக்கிய மீனுக்குக் கைவலை பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கருவியின் திரையைப் போனில் படம் எடுத்துவிட்டான். அடுத்த வாரமே சொந்தப் படகில் வந்து என் இடத்தில் நின்றுகொண்டு எனக்கே கை காட்டினான். அன்றிலிருந்து நான் எந்த இடத்தையும் அங்கேயே பதிவதில்லை. நேர் தெற்கே நாற்பது மீட்டர் தள்ளிப்போய்த்தான் பட்டனை அழுத்துவேன். திரும்ப வரும்போது மனதுக்குள் நாற்பதைக் கழித்துக்கொள்வேன். திருடுகிறவன் வெறும் தண்ணீரில் நின்று விரல் சூப்பட்டும் என்பதுதான் என் எண்ணம்.

இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

மூன்றாவது வளைவில் நாற்பது மீட்டர் தெற்கே இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. சிப்பித் திட்டு. தண்ணீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. வற்ற ஆரம்பித்தால் ஆயிரம் பிளேடுகளை நட்டு வைத்த மாதிரி மேலே எழும்பும். விஷயம் தெரிந்த ஒருவரும் அங்கே நங்கூரம் போட மாட்டார்கள். அங்கே நிற்பவன் என் கருவியைப் பார்த்து வந்தவனாகத்தான் இருக்க முடியும். என் புள்ளிகள் இருக்கும் மெமரி கார்டைக் கழற்றி மாட்டுகிறவர் ஒரே ஒருத்தர்தான், என் கணவர்.

மணி எட்டு நாற்பது. தண்ணீர் இறங்கத் தொடங்கி இரண்டு மணி நேரமாகிறது. அவன் படகு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"டாக்டர், உங்க மீன் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

"நாப்பத்தஞ்சு வருஷம் பேஷன்ட்டைக் காக்க வச்சவன் நான். மீன் காத்திருந்தா என்ன? போங்க கேப்டன்."

கிட்டே போகப் போக எல்லாம் தெரிந்தது. ஓர் அப்பா, அம்மா, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். சின்னது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. சின்னவன் பின்பக்கம் நின்று இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். படகு ஓர் அங்குலம் நகரவில்லை. அடியில் சிப்பி அரைபடும் சத்தம் மட்டும் பல்லைக் கூச வைத்தது.

"இன்ஜினை நிறுத்து தம்பி!" என்று கத்தினேன். "அடி கிழிஞ்சிடும்!"

"அண்ணி! நல்லவேளை வந்தீங்க. ஒரு கயிறு போட்டு இழுத்தீங்கன்னா..."

"இழுத்தா படகோட அடி இங்கேயே தங்கிடும், மேல்பாதி மட்டும் வரும். யாரு உன்னை இங்க நிக்கச் சொன்னது?"

"மேப்ல இங்கதான் அண்ணி காட்டுது! மூணாம் வளைவு, கொடுவா மீன் பள்ளம்னு நீங்கதானே எழுதி..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். டாக்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அவன் முன்னால் ஒளிர்ந்துகொண்டிருந்த திரையை நான் எட்டிப் பார்த்தேன். என் புள்ளிகள். என் பெயர்கள். 'டாக்டர் தோற்ற இடம்.' 'மடவைக் குட்டிச் சந்து.' 'சண்டை போட்ட நாள்.' 'அவர் பிடித்த முதல் மீன்.' என் டைரியை யாரோ நடுத்தெருவில் நின்று படித்த மாதிரி இருந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அதை அப்புறம் பேசிக்கலாம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "முதல்ல குழந்தைங்க."

என் படகு தட்டையான அடி கொண்டது. முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். ஆனால் அந்த முழங்கால் தண்ணீரும் இன்னும் இருபது நிமிடத்துக்குத்தான். அதற்குப் பிறகு இவர்கள் சாயங்காலம் வரை, நிழலில்லாமல், சாய்ந்த படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறங்கி நடக்கவும் முடியாது. ஒரு பக்கம் சிப்பி, மறுபக்கம் ஆளை விழுங்கும் சேறு.

கழியை ஊன்றித் தள்ளித் திட்டின் ஓரம் வரைக்கும் போனேன். தடித்த ரப்பர் பூட்ஸ் போட்டிருந்ததால் இறங்கினேன். டாக்டர் கழியைச் சேற்றில் குத்தி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, படகு விலகாமல் பார்த்துக்கொண்டார். எழுபது வயதில் அவர் செய்திருக்க வேண்டிய வேலையில்லை அது. முதலில் சின்னக் குழந்தையைத் தூக்கினேன். அது என் காதில், "ஆன்ட்டி, சுறா இருக்கா?" என்று கேட்டது. "இல்லடா கண்ணு, இன்னைக்கு லீவு," என்றேன். பிறகு பெரியவள். பிறகு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் மட்டும் கால் வைத்து வந்தாள். போட்டிருந்த செருப்பின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வாரோடு தொங்கியது. அந்தப் புள்ளியை அங்கே வைத்தவள் நான். சிப்பித் திட்டு என்று தெரிந்தே, சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தியவள்.

கடைசியாக அப்பாவும் ஏறியதும், "நான் அண்ணி?" என்றான் சின்னவன்.

"நீ படகைப் பாத்துக்கோ. புதுசில்ல?"

"தண்ணி எப்ப ஏறும்?"

"நாலரைக்கு. அதுகூடத் தெரியாமத்தான் குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தியா?"

தண்ணீர் பாட்டிலையும் என் தொப்பியையும் அவன் பக்கம் வீசினேன். தொப்பியைக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. ஆனால் வெயிலில் மயங்கி விழுந்தால் அவனையும் நான்தான் சுமக்க வேண்டும். டாக்டர் தன் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மெதுவா சாப்பிடுங்க தம்பி. நிறைய நேரம் இருக்கு."

படகுத்துறைக்கு வந்து அந்தக் குடும்பத்தை இறக்கிவிட்டேன். பாதி டிரிப்பில் திரும்பியதற்கு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்க கேப்டன்," என்றார். "ஆனா உக்காந்து சண்டை போடுங்க. நின்னுட்டுப் போட்டா சத்தம் ஜாஸ்தியாகும்."

என் கணவரின் ஒர்க்‌ஷாப் படகுத்துறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் இன்ஜினைச் சரிசெய்ய வந்து, மூன்று நாள் வேலையை மூன்று மாதம் இழுத்தடித்துத்தான் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போதும் என் புக்கிங், என் இன்ஜின், என் கருவி எல்லாம் அவர் கையில்தான். ஆற்றில் எப்போதாவதுதான் வருவார். வந்தாலும் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாரே தவிர, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்க மாட்டார்.

ஸ்டாண்டில் மாட்டிய இன்ஜினுக்குள் கையை விட்டிருந்தவர், "அதுக்குள்ள வந்துட்டே? டாக்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

நான் உட்காரவில்லை.

"என் கார்டை எப்ப குடுத்தீங்க?"

கை இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. "எந்தக் கார்டு?" என்று கேட்டிருந்தால் அங்கேயே ஸ்பேனரால் அடித்திருப்பேன். கேட்கவில்லை.

"மூணு வாரமாச்சு," என்றார். "அவன் படகு வாங்கின அன்னைக்கு இன்னொரு கார்டுல காப்பி போட்டுக் குடுத்தேன். அம்மா போன் பண்ணி அழுதாங்க. ஒரே ஒரு சீசனுக்குத்தான்... அவன் கொஞ்சம் நிமிர்ற வரைக்கும்..."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டே."

"ஆமா, குடுத்திருக்க மாட்டேன். அதனாலதான் கேக்கணும்! எப்படியும் குடுப்பான்னு தெரிஞ்ச ஆளுகிட்ட யாருங்க கேப்பாங்க? மாட்டேன்னு சொல்றவகிட்டதானே கேக்கணும்?"

"கத்தாதே. வெளியில ஆள் இருக்கு."

"இருக்கட்டும். உங்க தம்பி இப்ப எங்க இருக்கான் தெரியுமா? மூணாம் வளைவுல, சிப்பித் திட்டு மேல, சாய்ஞ்ச படகுல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கான். ரெண்டு குழந்தைங்களை அங்கேயிருந்து தூக்கிட்டு வந்தேன். ஒண்ணுக்கு அஞ்சு வயசு."

அவர் முகம் வெளிறியது. குழந்தைகளுக்கு அடிபட்டதா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். இன்ஜினில் எந்த நட்டு லூஸ் என்று யோசிக்கும்போது வரும் அதே சுருக்கம்.

"திட்டு மேலயா? அவன் உன் புள்ளியை வச்சுத்தானே போனான்? உன் புள்ளி எப்படித் திட்டு மேல இருக்கும்?"

சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நாற்பது மீட்டர், தெற்கு, நானூற்றுப் பன்னிரண்டும்.

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமான கையையும் துடைத்தார்.

"ஒன்பது வருஷமா?"

"பதினொரு வருஷமா."

"எனக்கு ஒன்பது. ஒவ்வொரு மாசமும் அந்தக் கார்டை நான்தான் அப்டேட் பண்றேன். என் பொண்டாட்டி எவ்வளவு இடம் கண்டுபிடிச்சிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பாப்பேன். எல்லாமே பொய்யா? நானும் அந்தப் போட்டோ எடுத்த திருடனும் உனக்கு ஒண்ணுதானா?"

"மொத வருஷமே சொல்லியிருக்கணும்னு நெனச்சேன். என்னமோ கூச்சம். அப்புறம் நாள் ஓடிப் போச்சு. சொல்லாதது தப்புதான். திட்டு மேல புள்ளி வச்சதும் தப்புதான். அந்தக் குழந்தைக்குக் கால் கிழிஞ்சிருந்தா எனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வந்திருக்காது." குரலை இன்னும் உயர்த்தினேன். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. நான் பயந்தது நடந்துச்சா இல்லையா? யார் கை வழியா நடந்துச்சு?"

அவர் துணியை மடித்து ஸ்டாண்டின் மேல் வைத்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. அறையின் நடுவில் அந்த இன்ஜின் வயிற்றைத் திறந்துகொண்டு தொங்கியது.

நாலு மணிக்கு இருவரும் கிளம்பினோம். படகடியில் ஓட்டை விழுந்திருந்தால் அடைக்க வேண்டும், அது அவர் வேலை. தண்ணீரில் வழி காட்ட வேண்டும், அது என் வேலை. என் கோபம் ஒரு பக்கமும் அவர் கோபம் ஒரு பக்கமும் உட்கார்ந்ததால்தான் படகு நேராகப் போனது என்று நினைக்கிறேன்.

சின்னவன் முகமெல்லாம் சிவந்து, ஆனால் தெம்பாகவே இருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணி, நீங்க கில்லாடி அண்ணி! தண்ணி வத்தினதும் எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. பள்ளம் இங்க இல்ல, அதோ அங்க இருக்கு." ஓடையின் வாய்ப் பக்கம் கை நீட்டினான். "மீன் எப்படிக் குதிக்குதுங்கறீங்க! மேப்ல அளந்து பாத்தேன். நேர் வடக்கே நாப்பது மீட்டர். அப்புறம் மத்த புள்ளிகளையும் யோசிச்சேன். எல்லாத்துக்கும் இதே கணக்குதானே?"

எட்டு மணி நேரம். பதினொரு வருடத்தை எட்டு மணி நேரத்தில், பிஸ்கட் தின்றுகொண்டே, கழித்துப் பார்த்துவிட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

"கார்டைக் குடு."

"எதுக்குண்ணா? நீதானே குடுத்தே."

"என்னோடதை நான் குடுக்கல. இவளோடதை எடுத்துக் குடுத்தேன். திருப்பிக் குடு."

"நம்ம குடும்பத்துச் சொத்துதானேண்ணா இதெல்லாம்."

"குடும்பச் சொத்தா?" என்றேன். "சேத்துல எந்தக் குடும்பம் இறங்குச்சு தம்பி? கொசு கடிச்சப்போ எந்தக் குடும்பம் சொறிஞ்சு விட்டுச்சு?"

"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு அம்மா அப்பவே சொன்னாங்க."

"அம்மாவை விடு," என்றார் என் கணவர். சத்தமே போடவில்லை. தம்பியிடம் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. "தண்ணி ஏறிட்டிருக்கு. உன் படகடியில ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கு, எனக்கு இங்கேயிருந்தே தெரியுது. மிதக்க ஆரம்பிச்சதும் உள்ள தண்ணி வரும். அடைக்கிற சாமான் என் கையில இருக்கு. கார்டு வராம இந்தக் கை அந்தப் படகுக்கு வராது."

"அண்ணா, விளையாடாதே."

"விளையாடல. நீ எங்க படகுல ஏறிக்கலாம், உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன். படகைத்தான் விட்டுட்டுப் போவேன்."

சின்னவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், காலடியில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தான். கருவியிலிருந்து கார்டைப் பிடுங்கி நீட்டினான்.

"போன்ல?"

"போன்ல எதுக்குண்ணா..."

"உன்னை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்டா. காப்பி எடுக்காம இருக்க மாட்டே. எடு."

போனை வாங்கி அழித்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். அதற்குப் பிறகுதான் பூட்ஸோடு இறங்கி, மல்லாந்து படுக்காத குறையாகப் படகின் அடியில் நுழைந்து, பசையைத் தடவிக் கிழிசலை அடைத்தார். நான் கயிற்றைக் கட்டினேன். மூன்றாவது வளைவு ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியும். அதை இனி யாராலும் அழிக்க முடியாது.

"அந்த ஒரு இடத்தை நீயே வச்சுக்கோ," என்றேன் கயிற்றை இறுக்கிக்கொண்டே. "மத்ததை நீயா நடந்து கண்டுபிடி. தண்ணி வத்தும்போது இறங்கி நட. குழந்தைங்களை ஏத்தறதுக்கு முன்னாடி நட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமா, வெயிலா என்று தெரியவில்லை.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால். சின்னவன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். போனதும் முதல் வேலையாக யாருக்குப் போன் போட்டிருப்பான் என்பது எனக்குத் தெரியும். நான் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிடம் என் கணவரின் போன் அடித்தது. எப்போதும் அத்தையின் போன் வந்தால் இவர் கொஞ்ச நேரம் "சரிம்மா, சரிம்மா" என்பார். பிறகு, "இந்தா, உன்கிட்டப் பேசணுமாம்," என்று என் கையில் திணித்துவிட்டு நழுவிவிடுவார். மிச்சத்தை நான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தயாரானேன்.

"ஆமாம்மா, நான்தான் வாங்கிட்டேன்," என்றார். "இல்லம்மா. அவ தூண்டி விடல... அம்மா, நான் பேசறதைக் கேளுங்க. அது அவ சம்பாதிச்சது. நான் அவளுக்குத் தெரியாம எடுத்தேன். எடுத்ததுக்குப் பேரு என்னன்னு உங்களுக்கே தெரியும்... ஆமா, திருட்டுதான். உங்க பெரிய பையன்தான் பண்ணினான்."

அந்தப் பக்கம் அத்தையின் குரல் எனக்கே கேட்டது. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள்.

"குடுக்க மாட்டேம்மா," என்றார் என் கணவர். "திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

நின்றார். முழுதாகப் பதினைந்து நிமிடம், படகுத்துறையில், எல்லோரும் பார்க்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர் கோபமும் போயிருக்காது. போனை வைத்துவிட்டு வந்து, பிரஷ்ஷை எடுத்துப் படகின் மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தபோதும் என் தாடை இறுகித்தான் இருந்தது.

"நாளைக்குக் காலையில டாக்டருக்குப் பாக்கி டிரிப்," என்றேன், அவரைப் பார்க்காமல். "அஞ்சே முக்காலுக்குக் கிளம்பறேன். முன் சீட் காலியா இருக்கு."

பிரஷ் நின்றது.

"இன்ஜின் சத்தத்தைக் கேட்டுட்டு உக்கார்றதா இருந்தா வராதீங்க. நான் எங்க நிக்கறேன்னு பாக்கறதா இருந்தா வாங்க. ஒரு நிமிஷம் லேட்டானாலும் நான் காத்திருக்க மாட்டேன்."

"அஞ்சரைக்கே வந்துடறேன்," என்றார்.